காந்தம் ஒட்டாத குழாய்

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதைப் பக்கத்துக்கு ஏற்கெனவே பெரிய வரிசை நின்றிருந்தது. காதல், நட்பு, அம்மா, பிரிவு எல்லாத் தலைப்பும் போய்விட்டது. எனக்கு மிச்சமிருந்தது குழாய் ஒன்றுதான். "குழாயைப் பத்தி என்னடா எழுதுவ?" என்று சிரித்தார்கள். சிவில் படிக்கிறவன் குழாயைப் பற்றி எழுதாமல் நிலாவைப் பற்றியா எழுத முடியும்? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதில் உங்கள் வீட்டுக் குழாயும் இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன வார்த்தை விளையாட்டு. குழாய் ரிப்பேர் செய்பவரை நாம் பிளம்பர் என்கிறோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? லத்தீன் மொழியில் ஈயத்துக்குப் 'பிளம்பம்' என்று பெயர். ஈயத்தை வைத்து வேலை செய்தவன் பிளம்பர். ரோமாபுரியில் தண்ணீர்க் குழாய் ஈயத்தில் செய்தார்கள். கெமிஸ்ட்ரி வகுப்பில் ஈயத்தின் குறியீடு ஏன் 'பி'யில் ஆரம்பிக்கிறது என்று நாம் மண்டையை உடைத்துக் கொண்டதற்கும் அதுதான் காரணம்.

நம் தமிழில் இன்னொரு குழப்பம். ஈயம் என்றால் இரண்டு உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது, பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வது, இதெல்லாம் வெள்ளீயம். அதாவது டின். அது வேறு. காரீயம் என்பது லெட். பேட்டரிக்குள் இருப்பதும், வலையில் கட்டும் குண்டும் இந்தக் காரீயம்தான். நான் எழுதப்போவது இந்த இரண்டாமவரைப் பற்றி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

தண்ணீர் வந்த வழி

நாங்கள் குடியிருப்பது ராயபுரம், கல்மண்டபம் பக்கம். பழைய காலத்து வீடு. ஒரே வீட்டை ஐந்து போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து வாசலில் ஓர் அடிபம்பு. மெட்ரோ தண்ணி வரும் நேரத்தில் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வட சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்ற ஊரிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மெயினில் அழுத்தம் குறைவு, அதனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, அடித்து இழுக்க வேண்டும்.

நம் பகுதியின் தண்ணீர்க் கதை பெரிய கதை. 1772ஆம் ஆண்டிலேயே கேப்டன் பேக்கர் என்பவர் திட்டம் போட்டு, இப்போது ஏழுகிணறு என்று சொல்கிறோமே, அங்கிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டு போனார். நூறு வருஷம் கழித்து 1872ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. 1914ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வைத்துச் சுத்தம் செய்து அனுப்ப ஆரம்பித்தார்கள். மேட்லி என்ற எஞ்சினியர் அந்த வேலையின் தலைவர். 1978ல் மெட்ரோ வாட்டர் வாரியம் உண்டானது. 2010ல் காட்டுப்பள்ளியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இப்படி வருஷம் வாரியாகக் கணக்கு உண்டு. ஆனால் மெயினிலிருந்து உங்கள் வீட்டுக் குடம் வரைக்கும் உள்ள அந்தக் கடைசி இருபது அடியில் என்ன குழாய், எந்த உலோகம், யார் எப்போது போட்டது? கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாது. குடியிருப்பவருக்குத் தெரியாது. போட்ட பிளம்பர் இருக்கிறாரோ இல்லையோ!

அந்த இருபது அடியைத்தான் நானும் என் வகுப்பு நண்பர்கள் மூன்று பேரும் போன வருஷம் பார்க்கக் கிளம்பினோம். மினி புராஜெக்டுக்கு எல்லாரும் மழைநீர் சேகரிப்பு எடுத்துவிட்டார்கள் என்பதும் ஒரு காரணம். பொய் சொல்லக் கூடாது அல்லவா!

ஏன் ஈயம்?

ஈயம் மிருதுவானது. கையால் வளைக்கலாம். 327 டிகிரியில் உருகிவிடும், விறகு அடுப்பே போதும். துருப்பிடிக்காது. மண் கொஞ்சம் இறங்கினாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஆகவே உலகம் முழுக்க மெயினிலிருந்து வீட்டுக்குப் போகும் சின்ன இணைப்புக்கு ஈயக் குழாய் போட்டார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ஈயக் குழாய்தான் போட வேண்டும் என்று நகரச் சட்டமே இருந்தது. 1986ல் அந்த நாட்டு அரசு தடை செய்த பிறகுதான் நின்றது.

நம் ஊரில் வீட்டு இணைப்புக்குப் பெரும்பாலும் ஜி.ஐ. பைப் வந்துவிட்டது. ஆனால் ஈயம் நம்மை விட்டுவிடவில்லை. வாட்டர் சப்ளை பாடத்தில் பழைய சி.ஐ. பைப்பின் ஜாயிண்ட் படித்திருப்பீர்கள். ஒரு பைப்பின் வாய்க்குள் இன்னொன்றின் வாலைச் செருகி, இடைவெளியில் சணல் கயிற்றை இடித்துத் திணித்து, மேலே களிமண் வளையம் கட்டி, உருக்கிய ஈயத்தை ஒரே மூச்சில் ஊற்றுவார்கள். ஆறியதும் உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டி இறுக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் உருகிய ஈயம் வெடித்துச் சிதறும். நாம் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுப் போகும் அந்த ஜாயிண்டைக் கையால் செய்தவர்கள் எத்தனை பேர் நம் தெருக்களுக்கு அடியில் வேலை செய்தார்களோ!

அந்த ஜாயிண்டில் தண்ணீர் ஈயத்தைத் தொடும் பரப்பு மிகக் குறைவு. முழு ஈயக் குழாயோடு ஒப்பிட்டால் அது பெரிய ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் ஈயத்தைத் தொடும் இடங்கள் எவை எவை என்று பட்டியல் போட உட்கார்ந்தால், அது மட்டும் அல்ல, பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சாவி, காந்தம், நோட்டு

எங்களிடம் இருந்த கருவிகள்: பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், வண்டிச் சாவி, ஒரு டார்ச், ஒரு நூறு பக்க நோட்டு. செலவு நோட்டுக்கு மட்டும்தான்.

முறை ரொம்பச் சுலபம். நீங்களும் இன்று சாயந்திரமே செய்து பார்க்கலாம். தெருவிலிருந்து தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெயிண்ட், தூசி இருந்தால் ஓர் அங்குலம் துடைத்துவிடுங்கள். காந்தத்தை வையுங்கள். பட்டென்று ஒட்டினால் இரும்பு, அதாவது ஜி.ஐ. அல்லது சி.ஐ. மரையும் சாக்கெட்டும் எல்போவும் கண்ணுக்குத் தெரிந்தாலும் ஜி.ஐ.தான். ஒட்டவில்லையென்றால் சாவி முனையால் மெதுவாகக் கீறுங்கள். செம்பு நிறம் தெரிந்தால் செம்பு. வெள்ளையோ கறுப்போ நீலமோ, பார்த்தவுடனே தெரிவது பிளாஸ்டிக். வெளியே மங்கிய சாம்பல் நிறம், காந்தம் ஒட்டவில்லை, சாவி வெண்ணெய் மாதிரி இறங்குகிறது, கீறிய இடம் வெள்ளி போலப் பளபளக்கிறது என்றால் அது ஈயம். இன்னொரு அடையாளமும் உண்டு. ஈயக் குழாயில் மரை இருக்காது. ஜாயிண்ட் இருக்கும் இடத்தில் வெங்காயம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். தட்டினால் இரும்பு போல 'டிங்' என்று கேட்காது, 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும்.

பலமாகக் கீறாதீர்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனோம். "மெட்ரோ வாட்டர்லேர்ந்து வர்றீங்களா? வரி கட்டியாச்சு" என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. "தம்பி, அப்படியே எங்க பம்புக்கு வாஷர் போட்டுட்டுப் போ" என்றவர்களும் உண்டு. வாஷரும் போட்டோம். பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ஜி.ஐ., கொஞ்சம் புதுசாகக் கட்டியதில் பிளாஸ்டிக். நோட்டில் 'ஜி.ஐ.', 'ஜி.ஐ.', 'ஜி.ஐ.' என்று எழுதி எழுதிக் கை வலித்தது. ஈயக் குழாய் வெளிநாட்டுச் சமாச்சாரம் போலிருக்கிறது, புராஜெக்ட் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தோம்.

வாசல் சுவருக்கும் அடிபம்புப் பள்ளத்துக்கும் நடுவில், சிமெண்ட் பலகையைத் தூக்கினால், கை நீளத்துக்கு மேல் ஒரு குழாய். சுண்ணாம்பும் அழுக்கும் படிந்திருந்தது. காந்தம் ஒட்டவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தோம். வழுக்கிக் கீழே விழுந்தது.

நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின் போர்ஷன் தாத்தா வந்தார். காசிமேட்டில் ஐம்பது வருஷம் கடலுக்குப் போனவர்.

"இன்னாடா, காந்தத்த வச்சிக்கினு குந்தினு கீறீங்க? நவுரு."

குனிந்தார். கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு. பளிச்சென்று வெள்ளிக் கோடு.

"இது இரும்பு இல்ல நைனா. ஈயம். வலைக்குண்டு ஈயம். எத்தினி உருக்கி ஊத்திருப்பேன் இந்தக் கையால! ஏன், குழாய்ல கூடவா போடுவாங்க இத?"

நண்பர்களே, எங்கள் புத்தகத்தில் மூன்று பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் நகம் ஒரு வினாடியில் சொல்லிவிட்டது. வலையின் அடிக்கயிற்றில் கட்டும் ஈயக்குண்டைக் கையால் வார்த்தவருக்கு, அந்த உலோகத்தின் எடையும் மிருதுவும் விரலிலேயே இருக்கிறது. எங்கள் நோட்டில் அவரையும் சர்வேயர் என்று எழுதிக்கொண்டோம்.

கொதிக்க வைத்தால் போகுமா?

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணம், என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம்.

ஈயம் உடம்புக்குள் போனால் கால்சியம் போல வேஷம் போட்டு எலும்பில் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளை உண்டான நேரத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது ஈயமும் சேர்ந்து கரைந்து, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளின் குடல் ஈயத்தை நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். அது முதலில் பாதிப்பது மூளையை. குழந்தை சாகாது, காய்ச்சல் வராது, அழாது. பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஓரிடத்தில் உட்காராது. "பையனுக்குப் படிப்பு ஏறல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது எங்கேயோ நடப்பது அல்ல. சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுவரை உள்ள 756 குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்து 2009ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரி, ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் ஈயம். அமெரிக்காவில் 2021 முதல் 3.5 இருந்தாலே அந்தக் குழந்தையைக் கவனிக்கச் சொல்கிறார்கள். அதிக ஈயம் இருந்த குழந்தைகளுக்குக் கவனக் குறைவும் அதிகம் என்று அந்த ஆய்வு சொன்னது. எல்லாம் தண்ணீரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டு வரை பெட்ரோலில் ஈயம் இருந்தது. பெயிண்டில் இருந்தது, 2017 நவம்பரில்தான் வீட்டுப் பெயிண்டுக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு அமலுக்கு வந்தது. பேட்டரி உருக்கும் புகை வேறு. இத்தனைக்கும் மேல் குடிக்கிற தண்ணீரிலும் ஏன் சேர வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அம்மாவிடம் சொன்னேன்.

"தண்ணிய நல்லா கொதிக்க வச்சிதான்டா அக்காவுக்குக் குடுக்குறேன். அப்புறம் இன்னா?"

இங்கேதான் நாம் எல்லாரும் ஏமாறுகிறோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம் உயிருள்ளதா, சாவதற்கு? தண்ணீர் ஆவியாகிப் போகும், ஈயம் அப்படியே பாத்திரத்தில் நிற்கும். கொதிக்கக் கொதிக்கக் கெட்டிதான் ஆகும்.

எதிர் வீட்டு அண்ணன் டி.டி.எஸ். மீட்டர் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். "பார், நல்ல தண்ணி" என்றார். அந்த மீட்டர் காட்டும் மிகச் சிறிய எண் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 ஈயத்துக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 1991ல் போட்ட தரத்தில் 0.05 ஆக இருந்தது, 2012ல் குறைத்தார்கள். மீட்டரின் கடைசி எண்ணிலும் நூறில் ஒரு பங்கு! தராசில் லாரி நிறுக்கும் பாலத்தில் மூக்குத்தியை வைத்து எடை பார்ப்பது போலத்தான். ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை. லேபில் பார்த்தால்தான் தெரியும். அதுவும் 'ஈயம் பார்க்க வேண்டும்' என்று தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாலு பேரும் பணம் போட்டு ஒரு தனியார் லேபில் இரண்டு பாட்டில் கொடுத்தோம். ஒன்று, ராத்திரி முழுக்க யாரும் அடிக்காமல் விட்டு விடியற்காலையில் அடித்த முதல் லிட்டர். இன்னொன்று, ஐந்து குடம் அடித்த பிறகு எடுத்தது. முதல் பாட்டில் வரம்பைத் தாண்டியிருந்தது. இரண்டாவது வரம்புக்குள் இருந்தது.

இந்த இரண்டு பாட்டிலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம். குழாய்க்குள் எத்தனை மணி நேரம் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அத்தனைக்கு ஈயம் கரையும். நம் பகுதியில் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வருகிறது, மீதி நேரமெல்லாம் தேக்கம்தான். அப்படித் தேங்கி நின்றதை முதலில் பிடிக்கிறவர் யார்? முந்திக்கொண்டு குடத்தை வைப்பவர். எங்கள் வீட்டில் அது அம்மா. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு முதல் தண்ணீர் வேண்டும் என்று அக்கறையாக விடிவதற்கு முன்பே போய் அடித்து வைப்பார்.

ஃபிளின்ட் என்ற ஊர்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்று ஓர் ஊர். நம் எண்ணூர், திருவொற்றியூர் மாதிரித் தொழிற்சாலை ஊர். மோட்டார் கம்பெனி வைத்துப் பிழைத்த ஜனங்கள். செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் தண்ணீர் மூலத்தை மாற்றி, பக்கத்து ஆற்றுத் தண்ணீரை விட்டார்கள். குழாயின் உள்ளே ஈயம் கரையாமல் காக்கும் பாஸ்பேட் மருந்தைச் சேர்க்கவில்லை. அக்டோபரில் அங்குள்ள ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீர் இரும்பு பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. எஞ்சினுக்கு ஆகாத தண்ணீரை மக்கள் இன்னும் ஒரு வருஷம் குடித்தார்கள்! வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர்களும் பாட்டில்கள் அனுப்பி, அந்த ஊர் மக்களே வீட்டுக்கு வீடு தண்ணீர் பிடித்துக் கொடுக்க, உண்மை வெளியே வந்தது. மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் 2015 செப்டம்பரில் குழந்தைகளின் இரத்தக் கணக்கை வெளியிட்டார். அக்டோபரில் பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு வந்த பிரச்சினைதான் நமக்குப் பாடம். ஈயக் குழாயை மாற்றலாம் என்றால், எந்த வீட்டில் ஈயக் குழாய் என்று நகராட்சிக்கே சரியாகத் தெரியவில்லை. பழைய அட்டைகளில் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தார்கள். தோண்டிப் பார்த்தால் அட்டையில் ஒன்று, மண்ணில் வேறொன்று. பணக்கார நாட்டிலேயே அந்தக் கடைசி இருபது அடிக்குக் கணக்கு இல்லை. நம் குழாயிலும் ஒரே தண்ணீரா வருகிறது? ஏரித் தண்ணீர், கடல் தண்ணீரைச் சுத்தம் செய்தது, லாரித் தண்ணீர் என்று மாறி மாறித்தான் வந்திருக்கிறது. நாமும் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

காயலான் கடை காப்பாற்றியது

லேப் ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு ஹவுஸ் ஓனரிடம் போனோம். நல்ல மனிதர்தான். ஆனால், "முப்பது வருஷமா இதே குழாய்ல தான் எல்லாரும் குடிக்கிறீங்க. யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? யாருக்கும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் ஆகவில்லை. பக்கத்திலிருந்த என் நண்பன் மட்டும் என்னைக் காட்டி, "சார், இவன் அரியரைப் பாருங்க" என்றான். அவரும் சிரித்துவிட்டார். ஆனால் பணம் என்றதும் சிரிப்பு நின்றது. "வேணும்னா நீங்களே மாத்திக்குங்க" என்றார்.

ஐந்து குடும்பமும் வாடகைக்கு இருப்பவர்கள். நாளை காலி செய்துவிட்டுப் போகும் வீட்டின் குழாய்க்கு யார் செலவு செய்வார்கள்? இரண்டு வாரம் இழுத்தது. அம்மா அந்த இரண்டு வாரமும் மூன்றாவது தெருவிலிருந்து அக்காவுக்குத் தண்ணீர் தூக்கி வந்தார்.

வழி காட்டியவர் மறுபடியும் தாத்தாதான். "அறுத்தா அது நாலு கிலோ தேறும்டா. காயலான் கடைல ஈயத்துக்கு நல்ல வெல." ஈயத்தின் அடர்த்தி 11.34, இரும்போ 7.87தான் என்று நாம் பரீட்சையில் எழுதுவோம். அதற்குக் கடையில் விலை உண்டு என்பது தாத்தாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. ஓனரிடம் சொன்னோம். பழைய குழாயை விற்ற பணம் புதுக் குழாய்க்குக் கொஞ்சம் கைகொடுக்கும், மீதியை ஐந்து போர்ஷனும் அவரும் சேர்ந்து பங்கு போடலாம், கூலி எங்களுடையது. ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதியை மட்டும் தெரிந்த பிளம்பர் அண்ணன் ஒருவரை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுத்து எடுத்து, எச்.டி.பி.இ. பைப் போட்டோம். "எனக்குக் குடுங்கடா, குண்டு ஊத்திக்கிறேன்" என்று தாத்தா கேட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை நாங்கள் கேட்கவில்லை. வீட்டு அடுப்பில் ஈயம் உருக்கினால் அந்தப் புகையும் தூசும் குழாய்த் தண்ணீரைவிட மோசம், அவர் பேத்தி அங்கேயே தவழ்கிறாள். விளக்கிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் ஊத்துறப்போ எம் புள்ளைங்களும் பக்கத்துல தான் குந்தினு இருக்கும்" என்றார். அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை.

மீதி ஈயம் எங்கே?

ஈயக் குழாய் இல்லை என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமா? பட்டியல் சொல்கிறேன் என்றேனே.

ஒன்று, பித்தளை. பைப், ஃபெரூல், வால்வு, டேப். கடைசலில் சுலபமாகக் கடைய வேண்டும் என்பதற்காகப் பித்தளையில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பார்கள். இரண்டு, பழைய ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு. அதில் ஒரு சதவீதம் வரை ஈயம் கலந்திருப்பதுண்டு. மூன்று, மரையில் சணலோடு தடவும் ஒயிட் லெட், ரெட் லெட். பெயரிலேயே லெட் இருக்கிறது! டெஃப்லான் டேப் போதும். நான்கு, பழைய பி.வி.சி. பைப். சூடாக்கி வார்க்கும்போது பி.வி.சி. சிதையாமல் இருக்க ஈய உப்புகளைச் சேர்த்தார்கள், ஏனென்றால் விலை மலிவு. இதற்கு 2021ல்தான் மத்திய அரசு விதிகள் போட்டது. புது பைப் வாங்கும்போது ஐ.எஸ். முத்திரையும், ஈயம் இல்லாதது என்ற அச்சும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது, அடிபம்பு. மடகாஸ்கர் தீவில் டமடாவ் என்ற துறைமுக ஊரில் நம் ஊர் மாதிரியே வீட்டுக்கு வீடு அடிபம்பு. உள்ளூர்க் கொல்லர்கள் செய்வது. தோல் வால்வு சரியாக மூட வேண்டும் என்று அதன்மேல் ஒரு துண்டு ஈயத்தைக் கனத்துக்கு வைத்திருந்தார்கள். தண்ணீரில் ஈயம் வந்தது. ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்து, அந்த ஈயத் துண்டை எடுத்துவிட்டு இரும்புத் துண்டை வைக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். பிறகு குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் குறைந்தது. மெக்கானிக்கல் நண்பர்களே, உங்கள் தெரு அடிபம்புக்கு வாஷர் மாற்றும்போது உள்ளே கனத்துக்கு என்ன வைத்திருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

மாற்ற முடியாதவர்களுக்கு

வாடகை வீட்டில் எல்லாராலும் குழாயை அறுக்க முடியாது. அவர்களுக்குச் செலவில்லாத வழி உண்டு. காலையில் வரும் முதல் இரண்டு மூன்று குடத்தைப் பாத்திரம் கழுவ, துணி துவைக்க, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டியதில்லை, நம் ஏரியாவில் அது பாவம். குடிக்கவும் சமைக்கவும் பிறகு வரும் தண்ணீர். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க முதல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீரை எடுத்துச் சமைக்காதீர்கள், சூட்டில் ஈயம் அதிகம் கரையும். குழாய் வேலை நடந்த பிறகு சில நாள் தாராளமாக ஓடவிட்டு, டேப் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். உடம்பில் இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்தால் ஈயம் அதிகம் ஏறும், ஆகவே கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நல்லது.

எங்கள் வீட்டில் இப்போதும் அம்மா விடியற்காலையில்தான் பம்பு அடிக்கிறார். முதல் மூன்று குடம் பச்சை நிறம், அது கழுவ. அடுத்தவை நீலம், அது குடிக்க. அக்காவுக்குப் பெண் குழந்தை. மாமா வீட்டுக்குப் போகும்போது அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போனது ஸ்பீக்கர் காந்தத்தைத்தான். அவர்கள் வீடு தண்டையார்பேட்டையில், அதுவும் பழைய வீடு.

நண்பர்களே, நாம் டிப்ளமோ முடித்துவிட்டு சைட் எஞ்சினியராகவும் சூப்பர்வைசராகவும் போகப்போகிறோம். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு நம் கையால் குழாய் போடப்போகிறோம். எந்தத் தேதியில், எந்தக் குழாய், எந்த ஜாயிண்ட், எதைத் தடவி இறுக்கினோம் என்று ஒரு தாளில் எழுதி அந்த வீட்டு மீட்டர் பெட்டியில் ஒட்டிவிட்டு வர ஐந்து நிமிஷம் போதும். நாம் இதைச் செய்தால், முப்பது வருஷம் கழித்து யாரோ ஒரு பையன் காந்தத்தை வைத்துக்கொண்டு பள்ளத்தில் உட்கார வேண்டியிருக்காது.

எங்கள் தெருவின் நோட்டு டிபார்ட்மெண்ட் லைப்ரரியில் இருக்கிறது. நாற்பத்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறோம், மீதி காலியாக இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர், கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் யாராவது எடுத்துத் தங்கள் தெருவை எழுதுங்கள். வீட்டில் தாத்தா இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.